ஒரு குயில்ட்டிலிருந்து இன்னொரு குயில்ட்

போன மாதம் கம்பெனியிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சாம்பிள் ரூமில் சேர்ந்த டிசைனர் பெண். படித்தவள், மரியாதை தெரிந்தவள்.

"குமுதாம்மா, உங்க அலை குயில்ட் இருக்கு இல்ல, அத மறுபடியும் போடப் போறோம். லேபிள்ல ரெண்டு வரி எழுதணும். இந்த ஐடியா எங்கேருந்து வந்துச்சுன்னு. மாமல்லபுரம் கடல் அலையப் பாத்து வந்ததுன்னு போட்டுடட்டுமா?"

"போடாதம்மா," என்றேன்.

"அப்ப சிற்பம் ஏதாவதா?"

"அதுவும் இல்ல. அதுக்கு முன்னாடி தைச்ச குயில்ட்லேருந்து வந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். இப்போது அவர்கள் கம்ப்யூட்டரில் 'அலை' என்று அடித்தால் போதும், நாற்பது படம் வந்து நிற்கிறது. ஒருநாள் எனக்கும் காட்டினாள். ஒன்றைவிட ஒன்று அழகாகத்தான் இருந்தது. அதில் எதற்குத் தையல் மூலை சரியாக உட்காரும் என்று கேட்டேன். அது தெரியாதம்மா, தைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். சரியான பதில். தைத்துப் பார்த்ததில்தான் எனக்கு எல்லாமே கிடைத்தது. அதை ரெண்டு வரியில் எழுத முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

எங்கள் கம்பெனி திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் ரோட்டில் இருக்கிறது. குயில்ட் மட்டும்தான் செய்வோம், எல்லாம் வெளிநாட்டுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி மேலிருந்து கீழ்வரை ஓடும் தையல். அவ்வளவுதான் குயில்ட். திருக்கழுக்குன்றத்துக்கு வெளியே எங்கள் ஊரில் நான் முதன்முதலாக ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து காட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரி தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இத எவன் போத்திப்பான்?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. சொல்லவில்லை.

சேரும்போது எனக்கு முப்பத்தொரு வயது. சின்ன மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் ரெண்டு வருஷம் நூல் வெட்டினேன். ஒரு வருஷம் அயர்ன் டேபிள். அப்புறம் மூன்று வருஷம் மிஷின் லைனில் உட்கார்ந்து துண்டு சேர்த்தேன். அந்த ஆறு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றுதான்: தையலுக்கு விடும் கால் இஞ்ச். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் கனம் கூடினால்கூட, நாற்பது துண்டு சேர்ந்து முடியும்போது குயில்ட் ரெண்டு விரல் அகலம் குறைந்துவிடும். என் வரிசைகள் குறையவில்லை. அதைக் கவனித்துத்தான் பரிமளா மேடம் என்னைச் சாம்பிள் ரூமுக்குக் கூப்பிட்டார்.

புது டிசைன்களை முதலில் தைத்துப் பார்க்கும் சாம்பிள் ரூமுக்குப் பரிமளா மேடம்தான் பொறுப்பு. என்னைவிட மூன்று வயது சின்னவர். சொந்த ஊர் மதுரைப் பக்கம், வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை.

ஒரு சாம்பிளை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் மேல்பக்கத்தைப் பார்க்க மாட்டார். டேபிளில் கவிழ்த்துப் போடுவார். பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாகத் தடவுவார். எங்காவது சுருக்கம் இருந்தால் கை அங்கே நிற்கும். ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துவார். அதன் பிறகுதான் திருப்பிப் போடுவார். திருப்பியதும் கிட்டத்தில் பார்ப்பதில்லை. ஒரு மர ஸ்டூல் வைத்திருந்தார், அதில் ஏறி நின்று மேலேயிருந்து பார்ப்பார். கட்டிலில் விரித்த குயில்ட்டை ஆட்கள் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள், உட்கார்ந்து தைக்கிறவள் பார்க்கிற மாதிரி யாரும் பார்க்கப்போவதில்லை என்பார். ஐந்தாறு மூச்சு நேரம் நிற்பார். இறங்கி வந்து ஒரே கேள்வி கேட்பார்.

"இதுல உங்களுக்கு எது பிடிக்கல?"

முதல் தடவை நான் பயந்துபோய், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றேன்.

"அப்படின்னா அடுத்து தைக்க உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. போய்ப் பாத்துட்டு வாங்க."

ஒவ்வொரு சாம்பிளிலும் ஒன்று பையருக்கு, அதாவது வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும், இன்னொன்று எங்களிடம் அலமாரியில் இருக்கும். அலமாரியில் இருப்பதன் மூலையில் ஒரு அட்டை தொங்கும். அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். எது தொல்லை கொடுத்தது, என்ன துணி மிச்சமானது, தைக்கும்போது கை வேறெங்கே போக ஆசைப்பட்டது. மூன்றாவதை எழுதத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. போகப்போக அதைத்தான் முதலில் எழுதினேன்.

இப்போது அந்த அலை குயில்ட்டுக்கு வருகிறேன். நீலத்தில் தைத்த வரிசையில் அது ஐந்தாவது. முதல் நாலையும் சொன்னால்தான் அது புரியும்.

முதலாவது வெறும் சதுரம். நீலமும் வெள்ளையும் மாறி மாறி. அதில் நாலு சதுரம் கூடும் மூலையில் துணி மடிப்பு சேர்ந்து சேர்ந்து தடித்துவிடும். அடுக்கைச் சேர்த்துத் தைக்கும்போது ஊசி சரியாக அங்கே வந்து உடையும். ஒரே நாளில் நாலு ஊசி உடைத்தேன். அட்டையில் 'மூலை' என்று எழுதினேன்.

மூலை நாலும் ஒரே இடத்தில் கூடக் கூடாது என்றால் என்ன செய்வது? ஒரு வரிசையைப் பாதி சதுரம் தள்ளி வைத்தேன், செங்கல் அடுக்குகிற மாதிரி. அது ரெண்டாவது குயில்ட். ஊசி உடையவில்லை. ஆனால் நான் கேட்காத ஒன்று வந்து சேர்ந்தது. தள்ளி வைத்ததில் நீலச் சதுரங்கள் குறுக்காகப் படிக்கட்டு மாதிரி ஏறிப் போயின. ஸ்டூலில் நின்ற மேடம்தான் என்னைக் கூப்பிட்டு, "இங்க வந்து நின்னு பாருங்க" என்றார்.

படி தெரிகிறது என்றால் அதை இன்னும் தெரிய வைக்கலாமே என்று எட்டு நீலம் எடுத்தேன். இருட்டு நீலத்தில் ஆரம்பித்து, கிட்டத்தட்ட வெள்ளையாகிற வரைக்கும். அது மூன்றாவது. நன்றாக விற்றது. அதை வெட்டியதில் ஒவ்வொரு நீலத்திலும் துணியின் ஓரம் நீள நீளமாக மிச்சமானது. ஒரு கூடை நிறைய.

அந்த ஓரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரிசையாகத் தைத்தேன். அதைக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் எட்டு நிறமுள்ள ஒரு பட்டை. பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்தேன். நாலாவது குயில்ட். அதற்கும் ஆர்டர் வந்து லைனில் ஓடியது. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாப் பட்டைக்கும் இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம். பார்த்தால் ஒரு பக்கம் வெயிலில் காய்ந்து வெளுத்துப்போன துணி மாதிரி இருந்தது. இதற்கு அடுத்தது என்ன என்று ரெண்டு வாரம் யோசித்தேன். வரவில்லை. அட்டையில் மூன்றாவது வரி காலியாகவே இருந்தது.

அப்போதுதான் ஜெசிந்தாவின் பட்டை என் கண்ணில் பட்டது.

ஜெசிந்தா கோவளத்துக்காரி. லைனில் எனக்குப் பின்னால் வந்தவள். அந்த நாலாவது குயில்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் சரிபார்க்கப் போன நேரத்தில் சூப்பர்வைசர் அவளை எழுப்பி நிற்க வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். மூன்று பட்டை சேர்த்த துண்டில் நடுப்பட்டையைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். இருட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம், வெளிச்சத்தின் இடத்தில் இருட்டு. பிரித்துத் தைக்கச் சொல்லி அதை டேபிளில் வீசினார்.

ஐந்தடி தள்ளி நின்ற எனக்கு அந்தத் துண்டு அசைகிற மாதிரி இருந்தது.

"சார், பிரிக்க வேணாம், இத நான் எடுத்துக்கறேன்," என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அவளுக்கு வேறு பட்டை கொடுக்கச் சொன்னேன். அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு, சாம்பிள் ரூமில் இருந்த என் பீரோவில் வைத்தேன். லைனில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு டிக்கெட் குத்தியிருப்பார்கள். மிஷினில் அச்சான சின்னக் காகிதம், அதில் டிசைன் எண், தைக்கிறவளின் எண், தேதி எல்லாம் இருக்கும். அதுவும் குண்டூசியோடு அப்படியே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஐந்தாவதைத் தைத்தேன். ஒன்றுவிட்டு ஒரு பட்டை தலைகீழ். ரெண்டாவது குயில்ட்டில் கற்றபடி பட்டைகளைப் பாதித் துண்டு தள்ளினேன். மூன்று அடுக்கையும் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளத் தையல் போட்டுப் பிடித்து, அதற்குமேல் வளைந்து வளைந்து போகும் தையலை ஓட்டினேன். முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் கவிழ்த்தார், தடவினார். ஒரு குண்டூசியும் குத்தவில்லை. திருப்பினார். ஸ்டூலில் ஏறியவர் இறங்கவே இல்லை. அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"இந்தத் தலைகீழ்ப் பட்டை நீங்களா யோசிச்சதா?"

"ஆமா மேடம்," என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லும்போது பொய் என்றுகூட எனக்குப் படவில்லை. பார்த்தது நான், எடுத்து வைத்தது நான், தைத்தது நான் என்று மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன். அட்டையில் 'ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழ்' என்று மட்டும் எழுதினேன். எப்படி வந்தது என்று எழுதவில்லை.

சீசன் முடியும்வரை சாம்பிள்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகத்தான் அனுப்புவோம். மூன்று மாதம் கழித்து அது பையருக்குப் போனது. எங்கள் கம்பெனிக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அதற்குத்தான் வந்தது. துணி வந்து இறங்கி, வெட்டவும் ஆரம்பித்துவிட்டோம். அப்போது பையரிடமிருந்து ஒரு கடிதமும் ஒரு படமும் வந்தன.

படத்தில் இருந்தது வேறு ஏதோ நாட்டுக் கம்பெனியின் குயில்ட். நிறம் பச்சை, மற்றபடி எங்கள் அலைக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தது. அந்தப் படம் அச்சானது எங்கள் சாம்பிள் அவர்கள் கைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால். அதைப் பார்த்துத்தான் நாங்கள் காப்பி அடித்தோம் என்பது அவர்கள் எண்ணம். நாலு நாளில் சென்னை ஆபீசிலிருந்து ஆள் வரும், விளக்கம் சரியில்லை என்றால் இந்த ஆர்டர் மட்டுமில்லை, எங்களோடு வைத்திருக்கும் எல்லா வேலையையும் நிறுத்திவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

மேனேஜர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார்.

"குமுதாம்மா, உண்மைய சொல்லிடுங்க. போன்ல கீன்ல பாத்து எடுத்தீங்களா?"

என்னிடம் அப்போது இருந்தது பட்டன் போன். அதில் மணி பார்க்கலாம், பேசலாம். நான் வாயைத் திறக்குமுன் பரிமளா மேடம் சொன்னார்:

"அவங்க எடுக்கல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுக்கு முன்னாடி அவங்க தைச்ச நாலும் எனக்குத் தெரியும். ஒண்ணுலேருந்து ஒண்ணு வந்தத நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அவ்வளவு நம்பிக்கை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நாலு குயில்ட்டும் அட்டைகளும் அலமாரியில் இருந்தன. ஆனால் அட்டையில் இருப்பது என் கையெழுத்து. நேற்று எழுதித் தொங்கவிட்டது என்று யாரும் சொல்லலாம். தேதி மிஷினில் அச்சாகி, யாராலும் மாற்ற முடியாதபடி இருந்தது ஒரே ஒரு காகிதம்தான். அது என் பீரோவில் இருந்தது, அதில் என் எண் இல்லை.

அந்த நாலு நாளும் நான் யோசித்ததை மறைக்காமல் எழுதுகிறேன். டிக்கெட்டைக் காட்டி, 'நான்தான் ஜெசிந்தாவிடம் அப்படித் தைத்துப் பார்க்கச் சொன்னேன்' என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஜெசிந்தா எதிர்த்துப் பேசுகிற இடத்தில் இல்லை. ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், அட்டைகளும் குயில்ட்டுமே போதுமானதாக இருக்கும், பீரோவைத் திறக்கவே வேண்டாம் என்றும் தோன்றியது. நான்காம் நாள் காலையில் பஸ் ஏறும்போதுகூட நான் முடிவு செய்திருக்கவில்லை.

வந்தவர் சந்தியா என்ற பெண். நாற்பது வயதிருக்கும். மேனேஜர் ரூமில் உட்காரச் சொன்னதற்கு, துணி எங்கே இருக்கிறதோ அங்கேயே போகலாம் என்றார். கட்டிங் ஹாலில் டேபிள்களை ஒதுக்கி, தரையில் வெள்ளைத் துணி விரித்து, ஐந்து குயில்ட்டையும் வரிசையாகப் போட்டிருந்தோம். விரிக்க உதவிய பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஜெசிந்தாவும் அவர்களில் ஒருத்தி.

சந்தியா மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் குயில்ட்டின் பக்கத்தில் மண்டியிட்டார். நான் மூலையைக் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார். "ஊசி உடையும்," என்றார் அவரே. தெரிந்தவர் என்று புரிந்தது. ரெண்டாவதில் படியைக் காட்டினேன். மூன்றாவதில் எட்டு நீலம். நாலாவதில் மிச்ச ஓரம். ஒவ்வொன்றிலும் அட்டையைப் படித்தார், பின்பக்கம் திருப்பினார், தலையாட்டினார். சுவரோரம் நின்ற பெண்கள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் வந்து நின்றார். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வரைக்கும் புரியுது. ஒவ்வொண்ணும் ஒரு ஸ்டெப். ஆனா இங்கேருந்து இங்க எப்படி வந்தீங்க? இது ஸ்டெப் இல்ல, தாண்டியிருக்கீங்க. நடுவுல ஒண்ணு காணோமே."

மேனேஜர் என்னைப் பார்த்தார். பரிமளா மேடமும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் சந்தேகம் இல்லை, நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார். அதுதான் என்னை அசைத்தது.

"ஒரு நிமிஷம் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போய் பீரோவைத் திறந்து கவரை எடுத்து வந்தேன்.

"இதுதான் நடுவுல இருந்தது. இத நான் யோசிக்கல. லைன்ல ஜெசிந்தா தப்பா தைச்சது. அதப் பாத்துதான் எனக்கு வந்துச்சு. டிக்கெட்ல அவ நம்பர்தான் இருக்கு." பிறகு பரிமளா மேடத்தைப் பார்த்து, "நீங்க கேட்டப்போ நான்தான்னு சொன்னேன். அது பொய் மேடம்," என்றேன்.

பரிமளா மேடம் குனிந்து ஐந்தாவது குயில்ட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

சந்தியா மேடம் துண்டை வாங்கினார். டிக்கெட்டைப் படித்தார். அதில் இருந்த தேதி, பச்சைக் குயில்ட்டின் படம் அச்சாவதற்கு ரெண்டு மாதம் முந்தையது. அது குத்தியிருந்த குண்டூசியை மெதுவாக உருவினார். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்து, துணியில் பழுப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது. அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது நேத்து குத்துன பின் இல்ல," என்றார். பிறகு நிமிர்ந்து, "யார் ஜெசிந்தா?" என்றார்.

ஜெசிந்தா சுவரிலிருந்து ரெண்டடி முன்னால் வந்தாள்.

"ஏன் இப்படித் திருப்பி வெச்சீங்க?"

"வெக்கல மேடம். தப்பாப் பூட்ச்சு. அன்னிக்குக் கரண்டு போயி போயி வந்துகினு இருந்திச்சு. இருட்டுல எது தலை எது காலுன்னு தெர்ல. அவ்ளோதான்."

சந்தியா மேடம் வாய்விட்டுச் சிரித்தார். டிக்கெட்டையும் துருக்கோட்டையும் படம் எடுத்துக்கொண்டு போனார். ரெண்டு நாளில் பதில் வந்தது. வெட்டின துணியைத் தைக்கலாம் என்று. பச்சைக் குயில்ட் தைத்தவளுக்கு அது எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளும் ஏதாவது பட்டையைத் தலைகீழாகத் தைத்திருப்பாள்.

அன்று மாலை பரிமளா மேடம் என்னைக் கூப்பிட்டார். ஐந்தாவது குயில்ட்டின் அட்டை அவர் கையில் இருந்தது.

"இதுல ஒரு பேர் குறையுது. எழுதுங்க."

எழுதினேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க ஸ்டூல்லேருந்து இறங்காம நின்னீங்க மேடம். மொதல் தடவ. அத இன்னொருத்திக்குக் குடுக்க மனசு வரல."

அவர் அட்டையை வாங்கிப் படித்தார். "பாத்தது நீங்கதானே. அதுவும் வேலைதான். ரெண்டையும் எழுதியிருந்தா ரெண்டும் நின்னிருக்கும்," என்றார். பிறகு, "நாளைக்கு அந்தப் பொண்ண சாம்பிள் ரூமுக்கு வரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அட்டையைக் கொடுத்தார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் ஜெசிந்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. அந்த சாம்பிள் உன் டேபிள்ல விரிச்சிருந்தப்பவே பாத்தேன். இன்னாடா நம்ம தப்பு இங்க குந்திகினு கீதேன்னு. வூட்ல கூட சொன்னேன்."

"அப்ப ஏன் என்னக் கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

கோவளம் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே, "நாளைக்கி எத்தினி மணிக்கு வர்ணும்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு பதினாலு வருஷம் நாங்கள் ஒரே டேபிளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்தோம். அவளுக்கு என்னைவிட வேகமான கண். அலை குயில்ட்டின் பின்பக்கத்தை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, முன்பக்கத்தவிட இது நல்லா கீது, வெறும் தையலு மட்டும்," என்றாள். அதிலிருந்து, துண்டே சேர்க்காமல் ஒரே வெள்ளைத் துணியில் தையலால் மட்டும் செய்த குயில்ட் வந்தது. அதைத் தைக்கும்போது தையல் நெருக்கமாக ஓடிய இடம் அமுங்கி, ஓடாத இடம் உப்பி நின்றது. உப்பிய இடத்துக்கு மட்டும் நிறம் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். அது இன்னொன்று. எங்கள் அட்டைகளில் ரெண்டு பேர், சில நேரம் மூன்று பேர், ஒருமுறை அயர்ன் செய்த பெண்ணின் பேர்கூட இருக்கும். நாங்கள் தைத்ததில் ஒன்றுகூடத் தனியாகப் பிறந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். இருபத்தேழு வருஷ வேலையில் யோசனை வரவில்லை என்று நான் கைகட்டி உட்கார்ந்தது அந்த ரெண்டு வாரம் மட்டும்தான்.

பரிமளா மேடம் மதுரைக்கே போய்விட்டார். நான் ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் ஆகிறது. சாம்பிள் ரூம் இப்போது ஜெசிந்தா பொறுப்பில் இருக்கிறது. நிவேதாவின் நாற்பது படத்தையும் அவள் ஸ்டூலில் ஏறி நின்று பார்க்கிறாளாம்.

போன வருஷம் நாவலூரில் என் அண்ணன் மகள் வாங்கிய பிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஆறாவது மாடி. சாப்பிட்டுவிட்டுப் பால்கனியில் நின்றபோது எதிர் பிளாக்கின் நாலாவது மாடியில் ஒரு குயில்ட் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் அலை. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியதை ஈசிஆர் கடற்கரை ரோட்டுக் கடைகளில் விற்பார்கள், அப்படி வாங்கியிருக்க வேண்டும். அதில் ஒரு மூலையில் மஞ்சளாக ஏதோ இருந்தது. எங்கள் அலையில் மஞ்சள் கிடையாது.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. இறங்கிப் போய், எதிர் பிளாக்கில் ஏறி, கதவைத் தட்டினேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் திறந்தாள். பேர் ரம்யா. நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"கிழிஞ்சிடுச்சு ஆன்ட்டி. வாஷிங் மெஷின்ல மாட்டி. எங்கம்மா பழைய புடவைய வெச்சு ஒட்டுப் போட்டேன். எனக்குத் தைக்கத் தெரியாது, அசிங்கமா இருக்கும், பாக்காதீங்க."

பார்க்கிறேன் என்றேன். கொண்டுவந்து சோபாவில் போட்டாள். மஞ்சள் ஒட்டின்மேல் சிவப்பு நூலில் பெரிய பெரிய தையல். ஒட்டு முடிந்த இடத்தில் தையல் நிற்கவில்லை. அதைத் தாண்டி, எங்கள் அலையின் வளைவையே பிடித்துக்கொண்டு பாதி குயில்ட் வரை போயிருந்தது.

"ஏம்மா இவ்வளவு தூரம் தைச்ச?"

"எங்க நிறுத்தணும்னு தெரியல ஆன்ட்டி. நூல் தீர்ற வரைக்கும் தைச்சேன்."

கவிழ்த்தேன். அடித்துணியின் நீலத்தில் அந்தச் சிவப்புக் கோடு தனியாக ஓடியது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். அவளிடம் கேட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் படம் எடுத்தேன். இப்போது என்னிடம் நல்ல போன் இருக்கிறது. அங்கே நின்றபடியே ஜெசிந்தாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, விசேசத்துக்குப் போனியே, வூடு எப்டி கீது?"

"வூடு இருக்கட்டும். படம் வந்துச்சா, பாரு."

அந்தப் பக்கம் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒட்டுலேருந்து நூலு வெளிய போயிகினே கீதே. இதுல ஒண்ணு இல்ல, நாலு போடலாம். யாரு யோசிச்சது? நீயா?"

"நான் இல்ல. நாவலூர்ல ஒரு பொண்ணு. பேரு ரம்யா. அட்டையில மொதல்ல அத எழுது."